மீனுக்குப் போடும் தாது உப்பு: சத்தா, விஷமா?

ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் போகும் சாலையில் புளியங்குடி என்றதும் எலுமிச்சைதான் நினைவுக்கு வரும். அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குத் துத்தநாக சல்பேட் புதிய சரக்கு அல்ல. எலுமிச்சை இலை சிறுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்று, இடையில் மஞ்சள் பாய்ந்தால் துத்தநாகச் சத்துக் குறைவு என்று கண்டுகொண்டு, அந்த உப்பைக் கரைத்துத் தெளிப்பார்கள். காயிலும் இலையிலும் சொறி நோய் கண்டால் தாமிர மருந்து. இரண்டும் தோட்டத்து அறையில் கிடக்கும் சாமான்கள்தாம்.

அதே தோட்டத்தில் ஒரு பண்ணைக்குட்டையும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கட்லாவும் ரோகுவும் விட்டிருக்கிறார்கள். மீன் தீவனத்தில் துத்தநாகம், தாமிரம் முதலிய தாது உப்புக்கள் சேர வேண்டும் என்று யாரோ சொல்லத் தோட்டக்காரர் கேட்கிறார். மீனுக்கென்று விற்கும் தாது உப்புக் கலவைக்குக் காசு கொடுக்க வேண்டும். அறையிலோ மூட்டை சும்மா கிடக்கிறது. ‘பெயர் ஒன்றுதானே! இதிலிருந்தே இரண்டு கை அள்ளித் தவிட்டில் கலந்து போட்டால் என்ன?’ என்று தோன்றுவது இயற்கை.

போட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்குப் பதில் காணத்தான் பல நாடுகளில் விஞ்ஞானிகள் தொட்டி தொட்டியாக மீன் வளர்த்து, மாதக் கணக்கில் பரிசோதனை நடத்தியிருக்கிறார்கள். பெயர் ஒன்றாக இருந்தால் போதாது. அளவு சரியாக இருக்க வேண்டும், சரக்கு சுத்தமாக இருக்க வேண்டும். இவ்விரண்டையும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதே அவர்கள் கண்ட முடிவு. அந்தச் சோதனைகள் எப்படி நடக்கின்றன, அவற்றால் நமக்கு என்ன லாபம் என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

தண்ணீரிலே கிடக்கும் மீனுக்கு உப்பு எதற்கு?

‘மீன் தண்ணீரிலேயே கிடக்கிறது. அதற்கு வேண்டிய உப்பு அந்தத் தண்ணீரில் இல்லையா?’ என்று கேட்கலாம். பாதி சரியான கேள்வி. சுண்ணாம்புச் சத்தை மீன் தன் செவுள் வழியாகத் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். உப்புக் கரிக்கும் கிணற்று நீர் பாயும் குட்டையில் அதற்குப் பஞ்சமில்லை. பாஸ்பரஸ் விஷயம் வேறு. அது தண்ணீரில் மிகக் கொஞ்சமாகவே இருக்கும். ஆகாரத்திலிருந்துதான் வர வேண்டும். துத்தநாகம், மாங்கனீஸ், செலினியம் போன்றவையும் பெரும்பாலும் ஆகாரத்தின் வழியாகவே வந்தாக வேண்டும்.

பழைய நாளில் இது ஒரு பிரச்னையாகவே இருக்கவில்லை. ஊர்க் குளத்தில் மீன் கொஞ்சம், தண்ணீர் அதிகம். பாசியும் புழுபூச்சியும் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களும் எல்லாச் சத்தையும் கொடுத்துவிட்டன. 1957-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி ஒரிஸாவிலுள்ள அங்குல் என்ற ஊரில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, கெண்டை இனத்து மீன்களுக்குப் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு முட்டையிடச் செய்து வெற்றி கண்டார். அதுவரை ஆறுகளில் வலை போட்டுத் தேடிய மீன் குஞ்சுகள், பிறகு வேண்டிய அளவு பண்ணையிலேயே கிடைத்தன. அந்த நாளைத்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

குஞ்சு கிடைத்ததும் குளத்தில் மீன் நெருங்கியது. மீன் நெருங்கியதும் இயற்கை உணவு போதவில்லை. அரிசித் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் போட வேண்டியதாயிற்று. இங்கேதான் சிக்கல். தவிட்டில் பாஸ்பரஸ் நிறைய உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி பைட்டிக் அமிலம் என்ற வடிவத்தில் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி மீனின் குடலில் இல்லை. பூட்டிக் கிடப்பது மட்டுமல்ல, பக்கத்தில் வரும் துத்தநாகத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, கட்லா, ரோகு, மிருகால் முதலிய கெண்டை இனத்துக்கு இரைப்பையே கிடையாது. இரைப்பை இல்லாததால் புளிப்பான ஜீரண நீர் இல்லை. எலும்புத் தூளைப் போட்டாலும் அது சரிவரக் கரையாமல் வெளியே போய்விடும்.

ஆகவே, நெருக்கமாக மீன் வளர்க்கும் இடத்தில் தாது உப்பு வேண்டும் என்பது உண்மையே. குஞ்சுகளைக் கலக்கமாக விட்டு, சாணம் போட்டுப் பாசி வளர்த்து மீன் எடுக்கும் குளத்துக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது என்பதும் உண்மை. முதலாவது சிக்கனம், தேவையில்லாத இடத்தில் வாங்காமல் இருப்பதுதான்.

வளைந்த மண்டையும் மங்கிய கண்ணும்

சத்துக் குறைந்தால் என்ன ஆகும் என்பதை ஜப்பானியர் கெண்டை மீனிலேயே சோதித்துப் பார்த்தார்கள். 1976-ல் வெளிவந்த ஒகினோ, தகெதா என்பவர்களின் ஆராய்ச்சியில், பாஸ்பரஸ் குறைந்த ஆகாரம் தின்ற கெண்டைகளின் நெற்றி எலும்பு உருக்குலைந்தது, வளர்ச்சியும் குன்றியது. ஆகாரத்தில் நூற்றுக்கு 0.6 முதல் 0.7 பங்கு பாஸ்பரஸ் தேவை என்று கணக்கிட்டார்கள். பின்னர் செய்த ஆராய்ச்சிகளில் கெண்டைக்கு ஒரு கிலோ ஆகாரத்தில் துத்தநாகம் 15 முதல் 30 மில்லிகிராம், தாமிரம் 3 மில்லிகிராம் என்று கண்டார்கள்.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் விசித்திரமானது. ட்ரௌட் என்ற மீனுக்கு எலும்பு மிகுந்த மீன்தூளை ஆகாரமாகக் கொடுத்தபோது, மீன்களுக்குக் கண்ணில் புரை விழுந்தது. ஆகாரத்தில் துத்தநாகம் இல்லாமல் இல்லை; எலும்பிலிருந்து வந்த மிதமிஞ்சிய சுண்ணாம்பும் பாஸ்பரஸும் அதை உடலில் சேரவிடாமல் தடுத்துவிட்டன. கூடுதலாகத் துத்தநாகம் சேர்த்ததும் புரை விழுவது நின்றது. கெடோலா என்ற விஞ்ஞானி 1979-ல் இதை வெளியிட்டார். ஒரு தாது மிகுந்தால் இன்னொரு தாது குறையும் என்ற பாடத்தை இந்த மீன்கள் தங்கள் கண்ணைக் கொடுத்து நமக்குக் கற்பித்தன. ‘எல்லாவற்றிலும் கொஞ்சம் கூடவே போட்டுவிடுவோம்’ என்பது ஏன் தவறான கணக்கு என்பது இதிலிருந்தே விளங்கும்.

சத்தாகிப் போன விஷம்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். செலினியத்தின் கதை இந்தப் பழமொழிக்கு எழுதிய உரை போன்றது. அதை நெடுங்காலம் விஷம் என்றே எண்ணியிருந்தார்கள். 1957-ல் கிளாஸ் ஷ்வார்ஸ் என்பவர் அமெரிக்காவில் எலிகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சியில், மிகமிகச் சிறு அளவில் அது உயிருக்கு அவசியமான சத்து என்று நிரூபித்தார். 1980-ல் கனடாவில் ட்ரௌட் மீன்களைச் சோதித்தவர்கள், ஒரு கிலோ ஆகாரத்தில் 0.15 முதல் 0.38 மில்லிகிராம் இருந்தால் போதும் என்றும், 13 மில்லிகிராம் ஆனால் அதுவே விஷம் என்றும் கண்டார்கள். கிலோவுக்கு 13 மில்லிகிராம் என்றால் ஒரு டன் தீவனத்துக்கு 13 கிராம். ஒரு தேக்கரண்டியில் அடங்கிவிடும் சரக்கு!

அமெரிக்காவில் வட கரோலினா ராஜ்யத்திலுள்ள பெலூஸ் ஏரியில், 1970-களில் ஓர் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டையிலிருந்து வந்த நீர் கலந்தது. அதில் செலினியம் இருந்தது. ஏரி நீரில் அதன் அளவு அற்பம்தான். ஆனால் பாசியிலும் பூச்சியிலும் ஏறி, அவற்றைத் தின்ற மீனில் குவிந்தது. வளர்ந்த மீன்களைப் பார்த்தால் நலமாகவே தெரிந்தன. அவற்றின் குஞ்சுகளோ முதுகு வளைந்து, உருக்குலைந்து, பிழைக்காமல் போயின. ஏரியிலிருந்த இருபது வகை மீன்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் மறைந்துவிட்டன. ‘மீன் சாகவில்லை, ஆகவே ஆபத்தில்லை’ என்று சொல்வது எவ்வளவு பிழை என்பதை அந்த ஏரி காட்டிவிட்டது.

இப்போது நம் தோட்டக்காரரின் இரண்டு கைப்பிடிக்கு வருவோம். தோட்டத்தில் தெளிக்கும் துத்தநாக சல்பேட்டில் நூற்றுக்குச் சுமார் 22 பங்கு துத்தநாகம். கெண்டைக்கு வேண்டிய உச்ச அளவான 30 மில்லிகிராமைக் கொடுக்க, ஒரு டன் தீவனத்துக்கு அந்த உப்பு சுமார் 130 கிராம் போதும். தவிட்டில் பூட்டிப் போவதை ஈடுகட்டக் கொஞ்சம் கூட்டினாலும், சில நூறு கிராம்தான். மயில்துத்தம் என்றால் டன்னுக்குச் சுமார் 12 கிராம். தினம் பத்துக் கிலோ தீவனம் போடுகிறவருக்கு டன் என்பது நூறு நாள் கணக்கு. அன்றாடத் தீவனத்தில் இரண்டு கை அள்ளிப் போடுவது, நூறு நாள் சத்தை ஒரே நாளில் கொட்டுவதைவிட மோசமாகலாம்.

சரியாக நிறுத்துப் போட்டாலும் ஒரு தொல்லை உண்டு. பந்திக்குச் சமைக்கும் அண்டாவில் உப்பை ஒரு மூலையில் கொட்டிவிட்டுக் கிளறாமல் விட்டால், ஒருவர் இலைக்கு உப்பே இராது. இன்னொருவர் இலையில் வாயில் வைக்க முடியாது. மீன் தீவனத்திலும் அதே கதை. அதனால்தான் தொழிற்சாலைகளில் நுண்ணிய உப்புக்களை முதலில் கொஞ்சம் சுண்ணாம்புத் தூளிலோ தவிட்டிலோ கலந்து, அதை இன்னும் கொஞ்சத்தில் கலந்து, படிப்படியாகப் பெருக்குகிறார்கள்.

வெள்ளைப் பொடிக்குள் ஒளிந்திருப்பது

அளவு ஒரு பக்கம். சுத்தம் மறு பக்கம். தாது உப்புக்கள் வானத்திலிருந்து வருவன அல்ல. மண்ணைத் தோண்டி எடுப்பவை. துத்தநாகத் தாதுவில் காட்மியம் என்ற நச்சு உலோகம் கூடவே பிறந்தது. பாஸ்பேட் பாறையில் புளோரின் உண்டு. அதை நீக்காமல் தீவனத்தில் சேர்த்தால் எலும்பையும் பல்லையும் கெடுக்கும். மரத்துக்குத் தெளிக்கும் சரக்கைச் சுத்திகரிக்கும் கணக்கு வேறு. ஒரு பிராணி தின்று, அந்தப் பிராணியை மனிதர் தின்னப்போகும் சரக்கைச் சுத்திகரிக்கும் கணக்கு வேறு. இரண்டும் பார்வைக்கு ஒரே வெள்ளைப் பொடிதான்.

‘இயற்கையான மண்’ என்ற பெயரும் காப்பாற்றாது. 1997-ல் அமெரிக்காவில் கோழி இறைச்சியிலும் பண்ணையில் வளர்த்த கெளிறு மீனிலும் டையாக்ஸின் என்ற கொடிய நச்சு அகப்பட்டது. எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், சோயாப் பிண்ணாக்குத் தூள் கட்டிபடாமல் இருக்கச் சிறிதளவு சேர்த்த ஒரு வகைக் களிமண்ணில் போய் நின்றது. மிஸ்ஸிஸிப்பி ராஜ்யத்தில் சுரங்கம் வெட்டி எடுத்த அந்த மண்ணிலேயே நச்சு இருந்தது. அந்த ஆண்டே அதைத் தீவனத்தில் சேர்க்க வேண்டாம் என்று அரசாங்கம் கேட்டுக்கொண்டது.

தொட்டியில் நடக்கும் பரீட்சை

ஒரு கலவை பாதுகாப்பானதா என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

முதல் பரீட்சை பொடிக்கு. ஒரே மூட்டையின் மேற்பகுதியிலிருந்து ஒரு கை அள்ளிப் பார்த்தால் போதாது. பல மூட்டைகளில், பல ஆழங்களில் மாதிரி எடுக்க வேண்டும். அதை அமிலத்தில் கரைத்து ஈயம், காட்மியம், ஆர்ஸெனிக், பாதரசம் எவ்வளவு என்று அளப்பார்கள். இதற்கு ஒரு நல்ல வழியை ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் என்ற விஞ்ஞானி 1955-ல் வெளியிட்டார். கரைசலைத் தீச்சுடரில் தூவி, குறிப்பிட்ட உலோகத்துக்கே உரிய ஒளியை அதன் ஊடே பாய்ச்ச வேண்டும். அந்த உலோகம் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ற ஒளியை அது விழுங்கிவிடும். குறைந்த ஒளியை அளந்தால் உலோகத்தின் அளவு தெரிந்துவிடும். அதைவிட நுட்பமான கருவிகளும் இன்று வந்திருக்கின்றன.

இரண்டாவது பரீட்சை மீனுக்கு. ஒரே வயது, ஏறக்குறைய ஒரே எடையுள்ள மீன்களைத் தேர்ந்தெடுத்துத் தொட்டிகளில் விட்டுச் சில நாள் பழக்குவார்கள். பிறகு ஒரு பிரிவுக்குக் கலவை சேர்க்காத தீவனம். ஒரு பிரிவுக்குச் சீட்டில் சொன்ன அளவு. மற்றப் பிரிவுகளுக்கு அதைப் போல் ஐந்து மடங்கு, பத்து மடங்கு என்று வேண்டுமென்றே அதிகமாகக் கொடுப்பார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தொட்டி அல்ல, மூன்று தொட்டியாவது இருக்கும். ஒரு தொட்டியில் வேறு காரணத்தால் மீன் செத்தாலும் முடிவு தவறிவிடக் கூடாதல்லவா?

இது ஏதோ மீன்களை வதைப்பதற்குச் செய்வதல்ல. எடை போடுகிறவர் கை தவறி இரட்டிப்பாகக் கொட்டிவிட்டால் என்ன ஆகும் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும். பத்து மடங்கிலும் மீன் நலமாக இருந்தால் அந்தக் கலவைக்குத் தாராளமான இடைவெளி இருக்கிறது. இரண்டு மடங்கிலேயே மீன் வாடினால், அது சாமானியர் கையில் கொடுக்கத்தக்க சரக்கல்ல.

சுமார் மூன்று மாதம் இது நடக்கும். செத்த மீனை எண்ணுவது மட்டும் வேலை அல்ல. தீவனத்தை ஆவலுடன் தின்கிறதா, எவ்வளவு தின்று எவ்வளவு எடை ஏறியது, முதுகெலும்பு நேராக இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முடிவில் இரத்தத்தைச் சோதித்து, ஈரல், சிறுநீரகம், செவுள் இவற்றை மெல்லிய சீவலாகச் சீவி உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார்கள். வெளியே பளபளக்கும் மீனின் ஈரல் உள்ளே சிதைந்திருப்பதை அங்கேதான் காணலாம்.

மூன்றாவது பரீட்சை தண்ணீருக்கு. தின்றது போக மிச்சமும் கழிவும் குளத்தில்தான் சேருகின்றன. தாமிரம் மீன் தின்னும் மிதவை உயிர்களையே கொன்றுவிடக் கூடியது. அதன் கொடுமை தண்ணீரைப் பொறுத்தது. சுண்ணாம்பு மிகுந்த கடின நீரில் அடங்கிக் கிடக்கும் தாமிரம், மலையிலிருந்து நேரே இறங்கும் மென்மையான நீரில் பலமடங்கு கடுமையாக வேலை செய்யும். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் ஓடை நீரால் நிரம்பும் குட்டைக்கும், சமவெளியில் கிணற்று நீர் பாயும் குட்டைக்கும் ஒரே அளவு பொருந்தாது என்பதை நம் பக்கத்தார் முக்கியமாக நினைவில் வைக்க வேண்டும்.

இப்படிப்பட்ட சோதனைகளை வைத்துத்தான் ஐரோப்பிய நாடுகள் சட்டம் செய்திருக்கின்றன. அங்கே ஒரு கிலோ முழுத் தீவனத்தில் செலினியம் மொத்தம் 0.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மீனுக்குத் தாமிரம் 25 மில்லிகிராம். சால்மன் இனம் அல்லாத மீன்களுக்குத் துத்தநாகம் 150 மில்லிகிராம். இது உச்ச வரம்பே தவிர, போட வேண்டிய அளவல்ல.

சாப்பிடுகிறவர் பங்கு

மீன் பிழைத்தது, வளர்ந்தது, சந்தைக்கும் வந்துவிட்டது. சோதனை முடிந்ததா? இல்லை. கடைசிக் கேள்வி சட்டியில் இருக்கிறது. ஈயம் எலும்பில் தங்கும். காட்மியம் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கும். சதையில் பொதுவாகக் குறைவு. ஆனால் நம் வீடுகளில் சதையை மட்டுமா தின்கிறோம்? தலைக் குழம்புக்குத் தனி மரியாதை. பொடி மீனை முள்ளோடு மென்றுவிடுகிறோம். ஆகவே மீனின் சதை, எலும்பு, ஈரல் எல்லாவற்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். மீனில் ஈயம் கிலோவுக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் வரம்பு. ஈயத்தால் அதிகமாகப் பாதிக்கப்படுவது குழந்தைகளின் மூளை என்பதை எண்ணினால், இந்தச் சின்ன எண்ணின் பெருமை விளங்கும்.

குட்டைக்காரர் செய்ய வேண்டியது

கடலோர இறால் பண்ணைகளுக்கு 2005-ம் ஆண்டுச் சட்டப்படி கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் உண்டு. ஆனால் அதன் அதிகாரம் கடலையும் அதைச் சேர்ந்த உப்பங்கழிகளையும் ஒட்டி இரண்டு கிலோமீட்டருக்குள்தான். புளியங்குடிக் குட்டை அந்த எல்லைக்கு வெகு தூரத்தில் இருக்கிறது. எனவே வாங்குகிறவரே விழிப்பாக இருக்க வேண்டும்.

மூட்டைச் சீட்டில் ஒவ்வொரு தாதுவின் அளவும், தயாரித்த தேதியும், தொகுதி எண்ணும், எந்தப் பிராணிக்கு என்பதும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘சகல சத்தும் அடங்கியது’ என்ற வாசகம் அளவு ஆகாது. ஈயம், காட்மியம் சோதித்த அறிக்கை உண்டா என்று கேளுங்கள். அறிக்கை, அரசு அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தினுடையதா, அதே தொகுதிக்கு உரியதா என்றும் பாருங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் கால் கிலோ எடுத்து, ஈரம் படாத புட்டியில் அடைத்து, எண்ணை எழுதி, ரசீதோடு வையுங்கள். நாளை மீன் செத்தால் உங்கள் பக்கம் பேசக் கூடிய சாட்சி அந்தப் புட்டிதான்.

புதுக் கலவையை முழுக் குட்டைக்கும் ஒரே நாளில் போடாதீர்கள். குட்டைக்குள்ளே ஒரு வலைத்தொட்டி கட்டி, சில மீன்களுக்கு மட்டும் இரண்டு வாரம் கொடுத்துப் பாருங்கள். மீன் தின்ன மறுப்பதும், உடனே கொல்லும் விஷமும் இதில் தெரிந்துவிடும். மெல்லக் கொல்வது தெரியாது. அதற்கு ஆய்வுக்கூடம்தான் வேண்டும். தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்தால் தக்க இடத்துக்கு வழி கேட்டு அறியலாம். ஒரு சோதனைக்குச் செலவாகும் பணம், ஒரு குட்டை மீனின் விலைக்கு முன் பெரிதல்ல.

தோட்டத்து அறையைப் பொறுத்தவரை விதி மிகச் சுலபம். மர மருந்தையும் மீன் தீவனத்தையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். ஒரே கரண்டியால் அள்ளாதீர்கள். மூட்டையில் மரத்துக்கு என்று எழுதியிருந்தால், அது மரத்துக்கு மட்டுமே.